பதினாலு செகண்டு

நான் அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் குனிந்துகொண்டிருந்தான்.

இப்போது உங்கள் செல்போனில் ஓடிற்றே தம்பி, அதில் ஒருத்தன் கையை ஆட்டி ஆட்டி, "குனிஞ்சானுங்க, சட்டுனு குனிஞ்சான், அண்ணன் பயந்துபோயிட்டாரு" என்று சொல்கிறானே, அந்த ஆள் நான்தான். நன்றாகப் பாருங்கள். மூக்குக்குப் பக்கத்தில் மரு இருக்கிறதா? அப்போது தலையில் கொஞ்சம் முடி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போனை எதற்கு மறைக்கிறீர்கள்? நான் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் பல்லடம் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதில் என்ன எழுதியிருக்கிறார்கள், சத்தமாகப் படியுங்கள். போன வாரம், ஓசூர், வடமாநிலக் கொள்ளையன். ஓசூர்! நான் ஓசூரைக் கண்ணால் பார்த்ததில்லை. இது பதினோரு வருசத்துக்கு முன்னால் எங்கள் ஆலாம்புதூரில் நடந்தது. எங்கே திருட்டு நடந்தாலும் அங்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். சேலத்தில் நின்றிருக்கிறேன், தர்மபுரியில் நின்றிருக்கிறேன், ஒரு தடவை கேரளாவில்கூட. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? என் முகம் அது. அன்றைக்கு டிவிக்காரர்களிடம் ஆறேழு நிமிசம் நின்று பேசினேன். கரண்ட் போனது, வெயில் அடித்தது, என் வீட்டுக்காரி செத்தது எல்லாம் சொன்னேன். பதினாலு செகண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார்கள். என் மனக்குறை அதுதான்.

அவன் பெயர் திலேஷ்வர். எங்கள் வாயில் திலேசு. பீகார்க்காரன், முப்பது வயது இருக்கும். நான் தறி ரிப்பேர் பார்க்கிற பிட்டராக இருந்த தறிக் குடோனில் எட்டுத் தறி ஓட்டினான். தமிழெல்லாம் தறிக்குள்ளேயே கற்றுக்கொண்டது. நூல் அந்துபோச்சு, நாடா மாட்டிக்கிச்சு, கரண்ட் போச்சு. இந்த மூன்றை வைத்தே ஒரு வருசம் ஓட்டினான். அவனுக்கு எல்லாரும் அண்ணாதான். என் வீட்டுக்காரி பூவாத்தாளையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டான்.

"ஏன்டா, எனக்கென்ன மீசையா இருக்குது?" என்றாள்.

"இல்ல அண்ணா" என்றான்.

முதல் தடவை ஊருக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போக வந்தான். பூவாத்தாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு நின்றாள். பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று அவள் காலடிக்குக் குனிந்தான். "அய்யோ பாம்பு!" என்று ஒரே தாவலில் கட்டிலில் ஏறிவிட்டாள். முறத்து அரிசியெல்லாம் அவன் முதுகில். அப்புறம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நாம் காலில் விழுந்தால் முன்கூட்டியே தெரியும் தம்பி. துண்டை இடுப்பில் கட்டுவோம், இடம் பார்ப்போம், எதிரில் இருப்பவரும் தயாராக நிற்பார். அவர்கள் அப்படி இல்லை. நடந்து வருகிற வேகத்திலேயே இடுப்பை வளைத்து, வலது கையைக் கால் பக்கம் கொண்டுபோய், நெஞ்சில் வைத்து நிமிர்ந்துவிடுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வெளியூர் போனால், திரும்பி வந்தால், நல்லநாள் என்றால், வயசில் பெரியவர்களுக்கு அவர்கள் செய்வது அது. தெரியாதவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும்.

இரண்டு வருசம் கழித்துப் பூவாத்தாள் போனாள். அன்றைக்கு அவளை எடுக்கும் முன்னால் அவன் வந்து காலைத் தொட்டான். அவள் தாவவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நான் குடியிருந்தது நாச்சிமுத்து அண்ணன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் தோட்டத்து வீடு. பங்காளி முறை. அறுபத்தாறு வயது அப்போது அவருக்கு. எனக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் நிற்கிறவர் அவர். அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருசம் ஆடியிலும் ஆவணியிலும் சுத்துப்பட்டில் மூன்று தோட்டத்து வீடுகளில் வயசானவர்களை அடித்துக் கொன்று நகையைக் கொண்டுபோனார்கள். டிவியைப் போட்டால் அதுதான். சிவப்பு எழுத்து, டம் டம் என்று சத்தம், 'வடமாநிலக் கும்பலா?' என்று கேள்விக்குறி. அண்ணன் சாயங்காலம் ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் பேப்பர் படிக்கிறவன். ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் பேப்பர், புத்தகம் எது கிடைத்தாலும் விட மாட்டேன். அந்தச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். பொழுதுபோக வேண்டுமே, பொண்டாட்டி இல்லாத வீட்டில். கார்த்திகையில் ஆட்கள் பிடிபட்டார்கள். பக்கத்து ஊர் ஆட்கள்தான், அதில் ஒருத்தன் கொலையான ஒரு வீட்டுக்கு உறவு. அது ஐந்தாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. அதை நான் வெட்டவில்லை. அதற்குள் நோட்டு என் கையில் இல்லை.

அண்ணன் எப்போதும் ஒரு கொடுவாளைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். "மாரப்பா, அந்த இந்திக்காரனை வூட்டுக்குள்ள உடாதே. சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுப்பானுங்க" என்பார்.

"அண்ணா, நம்ம பசங்க வளந்த மாடு மாதிரி முன்னாடி நிக்கறானுங்க. அவன் எங்க போனாலும் எங்கிட்டச் சொல்லிக் கும்புட்டுப்போட்டுத்தான் போறான். மரியாதைன்னா அவனுங்ககிட்டத்தான் கத்துக்கோணும்."

"என்னை ஒருத்தனும் கும்புட்டதில்லையே."

"நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டா எவன் வருவான்?"

இப்படித்தான் பேச்சு. வேடிக்கையாகத்தான்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் மூன்றே முக்கால். கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றுவிட்டது. நான் வீட்டு வாசலில் இருந்தேன். திலேசு வந்தான். பையனுக்கு மொட்டை போடுகிறார்களாம், அடுத்த நாள் ரயில். "பத்து நாள் அண்ணா. வந்திடும்" என்றான். என் காலைத் தொட்டான். தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

நான்தான் சொன்னேன். "திலேசு, எதுத்த வூட்ல அண்ணன் இருக்காரு பாரு. அவருகிட்டயும் சொல்லிக் கும்புட்டுப்போட்டுப் போ."

தயங்கினான். "அவரு கோவம் ஆளு."

"அட போடா. சந்தோசப்படுவாரு."

அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுவாரசியம் இல்லை. அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் ரோட்டோரம் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். அதனால்தான் நான் சாட்சி. வேறு ஒருத்தரும் பார்க்கவில்லை.

கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினான். இரண்டையும் ஜோடியாக ஒதுக்கி வைத்தான். உள்ளே போனான். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கொடுவாளால் தென்னமட்டை சீவிக்கொண்டிருந்தார். யாரோ வருவது தெரிந்து எழுந்தார். "யார்றா?" என்றார். "அண்ணா, ஊரு போறேன்" என்றான் இவன். நடந்துகொண்டே சொன்னான். பத்தடி, ஐந்தடி. சட்டென்று குனிந்தான்.

கொடுவாள் கழுத்துக்குப் பின்னால் இறங்கியது.

ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டவில்லை. அதைச் சட்டத்தில் பார்ப்பார்கள் தம்பி. பயம் தீர்ந்த பிறகு கை ஓங்கக் கூடாது.

நான் ஓடினேன். அண்ணன் கொடுவாளைக் கீழே போடாமல் நின்றார். "ஏன்டா குனிஞ்சான்? மாரப்பா, ஏன்டா குனிஞ்சான்? காலை வாரப் பாத்தான், நீ பாத்தீல்ல? பாத்தீல்ல?" என்று கேட்டார். அவர் வேட்டி நனைந்திருந்தது. நான் அவரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். பார்த்தேன் என்று தலையாட்டினேன். பார்த்தேன்தானே?

அதற்குள் சனம் ஓடிவர ஆரம்பித்தது. கேட்டில் அந்தச் செருப்பு கிடந்தது. மிதிபடப் போகிறதே என்று எடுத்தேன். பூவாத்தாள் நடக்கிற வழியில் செருப்புக் கிடந்தால் வையாமல் விடமாட்டாள், அந்தப் பழக்கம். எடுத்துக் கொண்டுபோய் என் வீட்டு உள்பக்கம் வைத்துவிட்டேன். வேறு எண்ணமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

போலீஸ் வந்தது. ஒரு மணி நேரத்தில் டிவி வந்தது, நான்கு மைக். அடுத்த நாள் பேப்பரில் போட்டிருந்தான்: 'சத்தம் கேட்காமல் இருக்க வெறுங்காலுடன் வந்த கொள்ளையன்.' அதைப் படித்தபோதுதான் எனக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தது. அப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் நீ ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களா மாட்டார்களா? நீங்களே சொல்லுங்கள்.

அவன் பாக்கெட்டில் இருந்ததை டிவியில் காட்டினார்கள். சின்னக் கத்திரி ஒன்று, வளைந்த கம்பி ஒன்று. கம்பியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'பூட்டைத் திறக்கும் நவீனக் கருவி' என்றார்கள். அது நூல் இழுக்கிற கொக்கி தம்பி. தறி ஓட்டுகிற எல்லார் பாக்கெட்டிலும் இருக்கும். இதோ, என் சட்டைப்பையிலேயே ஒன்று இருக்கிறது, வேலையை விட்டும் பழக்கம் போகவில்லை. அது என்ன என்று எந்த டிவிக்காரனும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்ன கேட்டீர்கள்? அந்த ஆறேழு நிமிசத்தில் சொன்னேனா என்றா?

எதை? அவன் எதற்குக் குனிந்தான் என்பதையா?

சொல்லவில்லை.

அவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணன் பத்தடியில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறார், அண்ணி அழுகிறார், ஊரே என் வாயைப் பார்க்கிறது. ஒருத்தர் உயிர் போய்விட்டது. இன்னொருத்தரையும் தூக்கில் மாட்டவா? அந்த நேரத்தில் மனுசன் என்ன செய்வான்?

மூன்றாம் நாள் திலேசுவுடைய தம்பி வந்தான். ஜகேஷ்வர் என்று பெயர். பெரியாஸ்பத்திரிப் பிணக்கிடங்கு வாசலில் பார்த்தேன். அவனோடு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தன் வந்திருந்தான், அவர்கள் பக்கத்து ஆள், நன்றாகத் தமிழ் பேசுவான். 'இவர்தான் உன் அண்ணன் போனில் சொல்லிக்கொண்டிருந்த பிட்டர் அண்ணா' என்று என்னைக் காட்டியிருக்கிறான். அந்தத் தம்பி நேராக என்னிடம் வந்தான். வந்த வேகத்தில் குனிந்தான்.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் பாய்ந்து அவன் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "டேய், என்னடா பண்ற பெரியவரை!"

சூப்பர்வைசர் பதறினான். "சார், சார், கும்பிடறான் சார். எங்க ஊர்ல அப்படித்தான் சார்."

"ஓ" என்றார் போலீஸ்காரர். காலரை விட்டுவிட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றிற்று. நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

தம்பிக்காரன் அழவில்லை. இரண்டு விசயம் கேட்டான். சூப்பர்வைசர் தமிழில் சொன்னான். ஒன்று, அந்த வீடியோ அவர்கள் ஊருக்கும் வந்துவிட்டதாம். திலேசு பொண்டாட்டியைத் திருடன் பொண்டாட்டி என்று சொல்லிப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டேன் என்கிறார்களாம். "நீங்க கூட இருந்தவரு. அவன் திருட வரலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா. ஊர்ப் பெரியவங்ககிட்டக் காட்டணும். வேற ஒண்ணும் வேணாம்."

கேஸ் நடக்கும்போது அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று சொன்னேன். கேஸ் முடியட்டும் என்று சொன்னேன்.

இரண்டாவது, செருப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணியில் அவன் செருப்பு இல்லையாம். "செருப்பு இல்லாம வெளிய போறவன் இல்ல அவன். எங்க போச்சு?"

தெரியவில்லை என்று தலையாட்டினேன். தலைதான் ஆட்டினேன்.

கேஸ் நான்கு வருசம் நடந்தது. அதற்குள் நான் கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு பழைய சட்டப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டேன். தொண்ணூற்றாறாம் பிரிவில் இருந்து நூற்றாறு வரைக்கும் தற்காப்பு. உயிருக்கோ பெரிய காயத்துக்கோ ஆபத்து என்று பயந்து கொன்றால் கொலை ஆகாது. ஆனால் பயம் நியாயமான பயமாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். சும்மா பயந்தேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில் இருந்தால் யாருக்கும் அந்தப் பயம் வந்திருக்கும் என்று காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? அண்ணனுடைய வக்கீல் அந்த ஐப்பசியிலேயே என்னிடம் வந்திருந்தார். "உங்ககிட்ட ஏதோ நோட்டு இருக்குதாமே?" கொடுத்தேன். கோர்ட்டில் அதை ஆவணமாக ஏற்றுக்கொண்டார்கள். என் கையெழுத்தில் தேதி போட்டது, நாற்பத்தோரு வெட்டு. ஜட்ஜய்யா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஐந்தாவது படித்தவன் நோட்டை ஜில்லா ஜட்ஜ் படிக்கிறார் என்று எனக்கு அப்போது, பொய் எதற்குச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அண்ணனுடைய வக்கீல்தான் முதலில் கேட்டார்.

"அவர் குனிந்தாரா?"

"குனிஞ்சாருங்க."

"மெதுவாகவா, சட்டென்றா?"

"சட்டுனுங்க."

"கை எங்கே போனது?"

"காலுக்குங்க."

"அந்த வேகத்தில் காலை வாரியிருந்தால் அறுபத்தாறு வயதுக்காரர் என்ன ஆகியிருப்பார்?"

"விழுந்திருப்பாருங்க."

அரசு வக்கீல் எழுந்தார். எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள், கண்ணாடி போடுவீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவன் உங்களுக்குப் பழக்கமா என்று கேட்பார், எதற்கு அந்த வீட்டுக்குப் போனான் தெரியுமா என்று கேட்பார் என்று நான் இராத்திரியெல்லாம் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். தம்பிக்காரன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்தத் தடவை சூப்பர்வைசர் வரவில்லை. நான் பேசியது ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லும்போது அவன் குனிந்ததை நான் கையால் செய்து காட்டினேன், அதைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று இந்தியில் ஏதோ சத்தமாகச் சொன்னான். நெஞ்சில் கையை வைத்து வைத்துக் காட்டினான். கோர்ட்டில் கூச்சல் போடாதே என்று வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

கூண்டில் நான் ஒரு பொய் சொல்லவில்லை தம்பி. எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பாருங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனை விடுதலை பண்ணிவிட்டார்கள். டிவியில் ஒரு வரி ஓடிற்று. 'கொள்ளையனை வீழ்த்திய முதியவர் விடுதலை.' தீர்ப்பில் எங்கேயும் கொள்ளையன் என்று இல்லை, நான் நகல் வாங்கிப் படித்தேன். 'இறந்தவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை' என்று இருக்கிறது. அந்த வரியையாவது தம்பிக்காரனுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். விலாசம் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கலாம். அவன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

அண்ணனுக்கு அதற்கு மறுவருசம் பக்கவாதம் வந்தது. ஒன்றரை வருசம் படுக்கை. நான்தான் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். டிவியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டிலையும் வாசலில் போட விடவில்லை. போவதற்கு நாலைந்து நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணியிருந்தது, ஆனால் பேச்சு புரிந்தது.

"மாரப்பா. நீதான் பாத்தவன். ஏன்டா குனிஞ்சான்?"

பத்து வருசத்துக் கேள்வி மாதிரி எனக்கு இருந்தது. ஆறு வருசம்தான். கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். முதல் நாளே கேட்டார், கடைசியிலும் கேட்டார்.

"தெரியலீங்ணா" என்றேன்.

அது ஒன்றுதான் பொய். அதுகூட அவர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான்.

இப்போதும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறேன். "இருக்கற வரைக்கும் இருந்துக்குங்க சித்தப்பா" என்று அண்ணன் மகன் சொல்லிவிட்டான். நல்ல பையன். எதிர் வீட்டில் கேட்டை மாற்றிப் பெரிசாகப் போட்டிருக்கிறான், கேமரா வைத்திருக்கிறான். குடோனில் இப்போது முழுக்க வடக்குப் பசங்கள்தான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். ஒருத்தனும் பக்கத்தில் வந்து குனிவதில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

என் நிறுத்தம் வந்துவிட்டது. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள் தம்பி, யாருக்கும் அனுப்ப வேண்டாம். இல்லை, அழித்தாலும் என்ன, வேறு யாராவது அனுப்புவார்கள்.

செருப்பு என் வீட்டில் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீல வார். இடது வார் ஒரு தடவை அறுந்தபோது நான்தான் மோட்டார்ச் செம்புக் கம்பி போட்டு முறுக்கிக் கொடுத்தேன், அந்தக் கம்பி பச்சை பூத்துவிட்டது. எட்டாம் நம்பர். எனக்கு ஒரு நம்பர் பெரிசு.